கலிமாவுக்குப் பிறகு

இஸ்லாத்துக்கு வந்தவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஏன் வந்தீங்க? சொந்தக்காரர்கள் கேட்டால் அதற்குள் பெண் விஷயமோ பண விஷயமோ இருக்குமோ என்ற சந்தேகமும் சேர்ந்திருக்கும். பள்ளிவாசலில் கேட்பவர்கள் பிரியத்தோடுதான் கேட்கிறார்கள். எந்த வசனத்தில் மனம் மாறியது, கனவு ஏதும் வந்ததா என்று அறிய ஆசைப்படுவார்கள். பேராசிரியர் பெரியார்தாசன் 2010இல் ரியாத்தில் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவைச் சொல்லி அப்துல்லாஹ் ஆனபோதும் நம் பத்திரிகைகள் துருவித் துருவிக் கேட்டது அந்த ஏனைத்தான். நெடுங்காலம் நாத்திகம் பேசியவர் என்பதால் கேள்வியில் கூடுதல் வேகம்.

என் பதில் சின்னது. கல்லூரி விடுதியில் கூட இருந்த நண்பனிடம் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் தமிழாக்கம் இருந்தது. தமிழில் வந்த முதல் முழு மொழிபெயர்ப்பு அது. பரீட்சை விடுமுறையில் எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை. படைத்தவன் ஒருவன், அவனுக்கும் எனக்கும் நடுவில் ஆள் தேவையில்லை என்பது என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்க் கோயிலில் எங்கள் தெருக்காரர்கள் எதுவரை போகலாம் என்று ஒரு கோடு இருந்ததும் காரணம்தான். அப்படியானால் நீ வந்தது இறைவனுக்காகவா, மரியாதைக்காகவா என்று கேட்பார்கள். எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொல்பவனைத்தான் நான் இறைவன் என்று நம்பினேன்.

ஏனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பிறகு எப்படி இருந்தீங்க என்று கேட்பவர்கள் குறைவு. சொல்ல நிறைய இருப்பது அதில்தான்.

கலிமா சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. தொழக் கற்றுக்கொள்ள மாதங்கள் பிடித்தன. எனக்குக் கற்றுத் தந்தவர் நான் போன பள்ளிவாசலின் மோதினார். பாங்கு சொல்வது, பாய் விரிப்பது, ஹவுள் என்கிற தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் என்னை ஹவுளின் ஓரத்தில் உட்கார வைத்து ஒளு செய்யச் சொல்வார். மணிக்கட்டு வரை கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலையில் ஈரக்கையால் தடவுதல், காது, கடைசியாகக் கரண்டை வரை கால். முடித்ததும் என் கையைத் திருப்பி முழங்கையின் பின்புறத்தை விரலால் தொட்டுப் பார்ப்பார். "இங்க நனையலையே தம்பி" என்பார். மறுபடி முதலிலிருந்து. குதிகாலையும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். அதுவரை என் காலை வயதில் மூத்த ஒருவர் தொட்டதில்லை.

அடுத்தது அல்ஹம்து சூரா. ஏழே வசனங்கள். தமிழ் எழுத்தில் அரபியை அச்சடித்த தொழுகைப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு ஓதினால் அவர் முகம் சுருங்கும். தமிழில் நாம் ஒரே 'ஹ' போட்டு எழுதும் இடத்தில் அரபியில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று நெஞ்சிலிருந்து எழும்பும், இன்னொன்று தொண்டையின் நடுவில் உரசிக்கொண்டு வரும். தன் தொண்டையில் என் விரலை வைத்து அந்த இடத்தைக் காட்டுவார். நாற்பது வருடமாக ஓதிவருபவரின் குரல் அங்கே அதிர்வது விரலில் தெரியும். நான் சோர்ந்துபோன ஒரு நாள் அவர் சொன்ன ஹதீஸ் இன்றும் எனக்குத் துணை: குர்ஆனைச் சரளமாக ஓதுபவருக்கு உயர்ந்த இடம் உண்டு, திக்கித் திணறி ஓதுபவருக்கோ இரண்டு கூலி. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு நாளைக்குக் கடமையான ரக்அத்துகள் மட்டும் 17. பதினேழிலும் திக்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

கூட இருந்தவர்கள் என்னைக் குழப்பியது வேறு வகையில். நெஞ்சில் கை கட்டணும் என்று ஒருவர், தொப்புளுக்குக் கீழே என்று இன்னொருவர். அத்தஹிய்யாத்தில் விரலை அசைக்கணும், அசைக்கக் கூடாது. நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகை எட்டு ரக்அத்தா, இருபதா. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பல ஆண்டுகளாக வாதாடிவரும் விஷயங்கள் இவை. அறிஞர்களுக்கு இவற்றில் ஆதாரங்களும் அக்கறையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நேற்று வந்தவனை நடுவில் நிறுத்தி இரு பக்கமும் இழுப்பது கொடுமை. அல்லாஹ்வோடு பேசப் பழகிக்கொண்டிருப்பவனுக்கு, பக்கத்தில் இருப்பவர் தன் விரலைப் பார்க்கிறார் என்ற நினைப்பு வந்துவிட்டால் தொழுகையே போய்விடும். மோதினார் இதில் ஒரு பக்கமும் பேசாமல், "முதல்ல சுபுஹுக்கு எந்திரிச்சு வா" என்று மட்டும் சொல்லிவிடுவார்.

பெயர் மாற்றம் அலுவலக வேலை. ஜமாஅத் தரும் சான்று, உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் அறிவிப்பு, அதைக் காட்டி ஒவ்வொரு அட்டையாக மாற்றுவது. இஸ்லாத்துக்கு வர பெயரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றில்லை. உமரும் பிலாலும் பழைய பெயரோடுதான் இருந்தார்கள். பொருள் தவறாக இருந்த பெயர்களையே நபிகள் மாற்றினார்கள். என் பெயரில் ஒரு தெய்வத்தின் பெயர் இருந்ததால் மாற்றிக்கொண்டேன். இனிஷியலை மாற்றவில்லை. 'அப்துல்லாஹ்வின் மகன்' என்று போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். வளர்ப்புப் பிள்ளைகளையும் அவரவர் தந்தையின் பெயராலேயே அழையுங்கள் என்று குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் சொல்கிறது. அதன் பிறகுதான் ஸைத், முஹம்மதின் மகன் என்ற அழைப்பிலிருந்து மறுபடி ஹாரிஸாவின் மகன் ஆனார். நபியின் பெயருக்காகவே தந்தை பெயரை விடவேண்டியதில்லை என்றால், நான் எதற்கு விடவேண்டும்? என் புதுப் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தேதான் இன்றும் நிற்கிறது.

இனி அம்மாவைப் பற்றி.

மதம் மாறியவன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று ஊர் நினைக்கிறது. போய்விடுவதே உத்தமம் என்று நினைக்கிற முஸ்லிம்களும் உண்டு. இரண்டும் தவறு. முதல் தலைமுறையைப் பாருங்கள். மக்காவில் முதலில் வந்தவர்களில் மிகப் பலர், பெற்றோர் வராமல் தனியாக வந்தவர்கள்தான். ஸஅத் இப்னு அபீ வக்காஸின் தாய், மகன் பழைய வழிக்குத் திரும்பும்வரை சோறு தண்ணீர் தொடமாட்டேன் என்று கிடந்தார். அந்த நேரத்தில் இறங்கிய கட்டளை என்ன? இணைவைக்கச் சொன்னால் கேட்காதே, ஆனால் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்பது. அபூபக்கரின் மகள் அஸ்மாவைப் பார்க்க, இஸ்லாத்தை ஏற்காத அவர் தாய் மதீனாவுக்கு வந்தபோது, உறவைப் பேணலாமா என்று அஸ்மா கேட்டார். பேணு என்றார்கள் நபிகள். ஸஹாபாக்கள் என்று நாம் உயர்வாகச் சொல்கிற அந்தக் கூட்டத்தில் மிகப் பலர் என்னைப் போல் வந்தவர்கள்தான். அவர்கள் வீடுகளிலும் அழுகை நடந்திருக்கிறது.

என் வீட்டிலும் நடந்தது. அம்மா சண்டை போடவில்லை. சாப்பிட்டியா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துத் தாய் அதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். நான் போவதை நிறுத்தவில்லை. வாரம் தவறாமல் போவேன், கிணற்றடியில் ஒளு செய்வேன், மச்சில் ஒரு மூலையில் தொழுவேன், அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். விளக்கம் சொல்ல முயலவில்லை.

அடுத்த வருடம் இசக்கியம்மன் கொடை வந்தது. கோயிலுக்குப் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை போனேன். வீடு முழுக்கச் சொந்தபந்தம். அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். மூலையில் வேறாக ஓர் அடுப்பு மூட்டிய தடம், அதன்மேல் தட்டு போட்டு மூடிய சின்னச் சட்டி.

"எய்யா, இது தனிச் சட்டி. அம்மனுக்கு வச்சதுல சேராதது. கோழியும் பேட்டை பாய்கிட்ட கொடுத்து அறுத்து வாங்கினதுதான். நீ சாப்பிடலாமான்னு அவருகிட்டயே கேட்டுக்கிட்டேன்."

அவளுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. அல்லாஹ் அல்லாத பெயரில் படைக்கப்பட்டதை உண்ணாதே என்ற சட்டத்தை யாரும் அவளுக்கு ஓதிக் காட்டவில்லை. கறிக்கடைக்காரரிடம் விசாரித்து, கொடை வேலைக்கு நடுவில் தனி அடுப்பு மூட்டியிருக்கிறாள். அவள் தன் அம்மனை விடவில்லை, இன்றும் விடவில்லை. நானும் என் தொழுகையை விடவில்லை. அந்தச் சட்டியில் இருந்ததை நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு வந்த நோன்பில் எனக்கு முன்னால் அவள் எழுந்து சஹருக்குச் சுடுசோறு வடித்து வைத்ததெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

அப்பா அப்படி இளகவில்லை. கடைசிவரை பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நானும் ஏன் என்று கேட்டதில்லை, அவர் வைத்த பெயர் அது. அவர் இறந்தபோது மூத்தவன் நான் கொள்ளி வைக்கமாட்டேன் என்பது பெரிய பேச்சானது. எங்கள் பள்ளி ஹஜரத்திடம் போனில் கேட்டேன். அபூதாலிப் இறந்தபோது, அவரை அடக்கம் செய்யும்படி மகன் அலீயை நபிகளே அனுப்பிய செய்தியைச் சொல்லி, "சடங்கு மட்டும் வேணாம், மத்த எல்லாத்துக்கும் முன்னால நில்லுங்க" என்றார். தம்பி கொள்ளி வைத்தான். பாடையின் தலைமாட்டை நான் தூக்கினேன்.

அதிக வேதனை தந்தது வீடு அல்ல, கல்யாணப் பேச்சு. 1981இல் மீனாட்சிபுரத்தில் ஏராளமான தலித் குடும்பங்கள் ஒரே நாளில் இஸ்லாத்தை ஏற்றபோது நாடே அங்கே திரண்டது. தலைவர்கள் வந்தார்கள், விசாரணைகள் நடந்தன. ஆனால் அப்படி வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை யார் தருவார் என்ற கேள்வி பல வருடம் கழித்து ஒரு நாவலில்தான் உரக்கக் கேட்டது. அன்வர் பாலசிங்கத்தின் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' அது. சங்கடப்பட்டுக் கோபித்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அதைப் படித்தபோது என் நிலைமையை ஒருவர் எழுதிவிட்டார் என்று தோன்றியது. பள்ளியில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர், பெண் கேட்டால் மட்டும் மெல்ல விசாரிப்பார்: "முன்னாடி நீங்க என்ன ஆளுங்க தம்பி?" ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பழகியவர்கள் என்னை எதில் வைப்பது என்று தவிப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நான் வந்தேன் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. எனக்குப் பெண் கொடுத்தவர் சொந்த அண்ணன் தம்பிகளை எதிர்த்துக்கொண்டுதான் கொடுத்தார். அவருக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

அரசாங்கக் கணக்கிலும் இதே அந்தரம்தான். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிம் ஆனவருக்கு அது போய்விடும். மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2024இல்தான். அதற்கு முன் சான்றிதழ் கேட்டு அலைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அரசு நெடுங்காலம் கழித்தாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. ஜமாஅத்துகள் செய்யவேண்டியது இன்னும் பாக்கி.

நிக்காஹ் என்றால் மாப்பிள்ளையின் சொந்த மஹல்லாவிலிருந்து கடிதம் கேட்கிறார்கள். ஏமாற்றுக் கல்யாணங்களைத் தடுக்க அது நல்ல ஏற்பாடுதான். புதிதாக வந்தவனுக்கு மஹல்லா எங்கே இருக்கிறது? மௌத் ஆனால் எந்த மையவாடியில் அடக்குவது என்பதையும் சந்தாப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிற ஊர்கள் உண்டு. வாடகை வீட்டில் ஊர் ஊராக இருப்பவன் எந்தப் புத்தகத்தில் இருப்பான்? இப்போது கலிமா சொல்ல ஆசைப்பட்டு என்னைத் தேடி வருபவர்களிடம் வீட்டில் சொல்லியாகிவிட்டதா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால் நானும் கூடப் போகிறேன். அவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும்போது முத்தவல்லியிடம் கேட்பதும் ஒன்றுதான்: தக்பீர் முழங்கி, கட்டிப்பிடித்து, பேரீச்சம்பழம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெரிய நோட்டை எடுங்கள். இவர் பெயரையும் இவர் அப்பாவின் பெயரையும் ஒரு தலைக்கட்டாக எழுதி, இந்த மாதச் சந்தாவை இன்றே வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். எங்கள் மஹல்லாவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.