யார் கையில் அருவாள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆயுதமில்லாத காவல் தெய்வத்தைப் பார்ப்பது அரிது. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகப் பெரிய பெரிய அருவாள் செய்து நாட்டுவார்கள். காளி வாளேந்தி நிற்பாள். இசக்கியின் கதையை ஊருக்கொரு விதமாகச் சொல்வார்கள். பெரும்பாலான கதைகளில், வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண் நியாயம் கேட்டுத் திரும்பி வருகிறாள். பெண்ணின் கோபத்துக்குப் பீடம் போட்டுக் கும்பிடுகிற ஊர்கள் இவை. அந்தக் கோபம் வீட்டுக்குள் எழுந்தால் மட்டும் யாருக்கும் பொறுக்காது.

எங்கள் குலதெய்வக் கோயில் கொடையில் ஆச்சிக்கும் அருள் வரும். ஆண்களுக்குச் சாமி வந்தால் கையில் அருவாள் கொடுப்பார்கள். அவர்கள் சொல்வதற்கு ஊரே கட்டுப்படும். ஆச்சிக்குக் கொடுத்தது வேப்பங்குழை. ஒருமுறை அவள் அருவாளைத் தொட்டதும், “பொம்பளைக்கு எதுக்கு அருவா?” என்று பிடுங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் பன்னருவாளோடு வருஷாவருஷம் கதிரறுக்கப் போனவள் அவள். அதைப் பார்த்து யாரும் பதறியதில்லை. வேலைக்கான இரும்பு பெண்ணிடம் இருக்கலாம், அதிகாரத்துக்கான இரும்பு இருக்கக் கூடாது.

வேலு நாச்சியாரைப் படங்களில் எப்போதும் வாளோடுதான் பார்க்கிறோம். என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய காத்திருப்பு. 1772-இல் காளையார்கோவிலில் கம்பெனிப் படை கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றது. நாச்சியார் மகள் வெள்ளச்சியை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனார். ஐதர் அலியிடம் உதவி கேட்டார். மருது சகோதரர்களோடு சேர்ந்து ஆள் திரட்டினார். 1780-இல் சிவகங்கையை மீட்டார். எட்டு ஆண்டுகள்! அடுத்தவர் மண்ணில் இருந்துகொண்டு, தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டே இருந்த எட்டு ஆண்டுகள்.

வீரம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பயமும் உண்டு. எங்கள் பக்கத்துச் சுவரொட்டிகளில் அந்தச் சொல்லைச் சாதியோடு சேர்த்துத்தான் அச்சடிக்கிறார்கள். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகள் மேல் விழுவதும் அருவாள்தான். அதனால் வெட்டுகிற வீரம் எனக்கு வேண்டாம். பிடித்ததை விடாமல் நிற்கிற வீரம் வேண்டும்.

அது தேவைப்பட்ட நாளும் வந்தது. 2008-இல் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள். பூர்வீக நிலத்தில் எனக்குப் பங்கில்லை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. எனக்குக் கல்யாணம் 1987-இல். அண்ணன்மார் அதைத்தான் சொன்னார்கள். 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியை எடுத்துவிட்டதை நான் வாசித்திருந்தேன்.

“கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன். குரல் நடுங்கியது. கை நடுங்கவில்லை.

“சீர் செஞ்சாச்சுல்லா, இன்னும் என்ன?” என்றார் பெரியவர். “சீர் நீங்க குடுத்தது அண்ணே. இது எனக்கு உள்ளது” என்றேன். அதன்பின் வக்கீல், தாலுகா ஆபீஸ், சர்வேயர் என்று ஆறு வருஷம் அலைந்தேன். அலுத்துப்போன நாட்களில் விருப்பாச்சியை நினைத்துக்கொள்வேன்.

அண்ணன்மார் வீட்டில் இப்போது எனக்குச் சாப்பாடு இல்லை. மதினி கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது சின்ன இழப்பல்ல. இரவுகளில் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் போட மறுத்த அந்தக் கையெழுத்துக்காக ஒரு நாளும் நான் வருந்தவில்லை.

என் பங்கு முப்பது சென்ட். மல்லி வைத்திருக்கிறேன். விடியுமுன் பறித்துச் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு அனுப்புகிறேன். சிட்டையில் என் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.