செடியை அடியில் பார்த்து வாங்குவது

ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பூக்கும் செடிகளில் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை இரண்டு வகை. தண்டு முற்றிக் கட்டையாகி, அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிபவை புதர்ச்செடிகள். செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் இதில் அடங்கும். தண்டு இளசாகவே இருந்து, மண்ணுக்குள் உள்ள கிழங்கின் பலத்தில் ஆண்டுதோறும் தழைப்பவை இன்னொரு வகை. கல்வாழையும் மழை லில்லியும் இந்த இனம். நித்தியகல்யாணி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இவற்றையெல்லாம் ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று சொல்லித்தான் நர்சரிகளில் விற்கிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. செடியின் இனம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், பையில் அது எப்படி வேர் விட்டது, நட்ட முதல் வருடம் எப்படிக் கழிந்தது என்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் பிறகு கை ஓயும்.

முதல் பாதி நர்சரிக்காரர்களின் கையில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிழல்வலைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள் அடுக்கியிருக்கும் நர்சரிகளில், வாசலில் விற்பவர் ஒருவராகவும் பின்னால் வேலை செய்பவர்கள் வேறு ஆட்களாகவும் இருப்பார்கள். பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மண் குவியலைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பை நிரப்புவதுதான் அங்கே நாள் முழுக்க ஓடும் வேலை. சில இடங்களில் நாள்கூலி, சில இடங்களில் பை எண்ணிக்கைக்குக் கூலி. எண்ணிக்கைக்கு என்றால் கை வேகமாக ஓடும், மண் இறுகாமல் போகும், நாலு தண்ணீரில் பை பாதியாக அமுங்கிவிடும். கூலி கொடுக்கும் முறைகூடச் செடியின் வேரில் தெரிகிறது.

வழக்கமான கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. இப்போது மணல் விலைக்கு அதன் இடத்தைத் தேங்காய் நார்க்கழிவு பிடித்துக்கொண்டிருக்கிறது. பழகிய கை ஒரு அள்ளு அள்ளிப் பையில் போட்டு, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே நிறுத்தும். அந்த ஓர் அங்குலம் தண்ணீர் நிற்பதற்கான இடம். விளிம்பு வரை நிரப்பிய பையில் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடிவிடும்.

குச்சி வெட்டுவது இன்னும் நுணுக்கமான வேலை. தாய்ச்செடியில் பென்சில் பருமனுள்ள, பச்சை மாறி முற்றத் தொடங்கிய கிளையைத் தேர்ந்து, மூன்று நான்கு கணு வரும்படி அரை அடிக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டுகிறார்கள். கீழ் முனை கணுவை ஒட்டிச் சாய்வாகவும் மேல் முனை நேராகவும் இருக்க வேண்டும். இலைகளைக் கிள்ளிய பிறகு எது தலை, எது கால் என்று தெரியாமல் போகும். தலைகீழாக நட்ட குச்சி பிழைக்காது. வெட்டு வித்தியாசம் இருந்தால் விரலே சொல்லிவிடும், கண் தேவையில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளிக் குச்சிகள் மாதக் கணக்கில் காக்க வைக்காமல் வேர் விடுகின்றன. நந்தியாவட்டைக் கட்டு ஒன்று முடிவதற்குள் விரலெல்லாம் பால் பிசுபிசுத்துக் கறுத்துவிடும். அரளி வெட்டிய அன்று சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் சோற்றுத் தூக்கைத் திறப்பதில்லை. இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. புதிதாக வந்தவரை மற்றவர்கள் அதட்டிக் கை கழுவ அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

குச்சியில் எளிதாக வேர் விடாதவற்றுக்கு விண்பதியம். கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் போல உரித்து, உள்ளே இருக்கும் வழவழப்பைக் கத்தி முதுகால் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரமான பாசியோ நார்க்கழிவோ வைத்து, பாலித்தீன் சுற்றி இரு முனையும் கட்டுகிறார்கள். அந்த வழவழப்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. மழைக்காலத்தில் போட்ட பதியத்தில் இரண்டு மாதத்துக்குள் வெள்ளை வேர் பாலித்தீன் வழியாகவே தெரிகிறது.

சாலையோர நர்சரியில் இருக்கும் எல்லாமே அங்கேயே பிறந்தவை அல்ல. ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம், கடியபுலங்கா வட்டாரத்திலிருந்து லாரி லாரியாகச் செடிகள் இறங்குகின்றன. 1852இல் கட்டி முடித்த தவளேஸ்வரம் அணைக்கட்டின் கால்வாய்ப் பாசனமும் கோதாவரி வண்டலும் சேர்ந்து அந்தக் கிராமங்களை நாடு முழுவதற்கும் செடி அனுப்பும் இடமாக்கியிருக்கின்றன. செடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் மண்ணில்தான். லாரிப் பயணத்தில் உதிராமலிருக்க வேரடி மண்ணைக் களிமண்ணாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த உருண்டையை அப்படியே கடற்கரை மணலிலோ செம்மண்ணிலோ இறக்கினால், வெளியே ஊற்றும் தண்ணீர் மணலில் இறங்கிப் போய்விடும். களிமண் உருண்டை ஒன்று காய்ந்து கல்லாகும், அல்லது மழையில் ஊறிச் சேறாகி வேரை அழுகவைக்கும். வாங்கி மூன்றாவது மாதம் காரணமில்லாமல் பட்டுப்போன செடியைத் தோண்டிப் பார்த்தால், பை வடிவத்திலேயே களிமண் வெளியே வருவது சாதாரணம்.

பை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண், பூத்துக் குலுங்கிய செம்பருத்தியைக் கையில் எடுத்த வாடிக்கையாளரிடம் சொன்னது: “பூவைப் பாக்காதீங்கம்மா, பையைத் தூக்கி அடியைப் பாருங்க.” தேர்வு செய்ய இதைவிட நல்ல விதி கிடையாது. அடித்துளையில் ஒன்றிரண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் சரியான பருவம். தடித்த பழுப்பு வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கியிருந்தால், அது ரொம்ப நாள் விலை போகாமல் கிடந்த செடி. உள்ளே வேர் வட்டமடித்துக்கொண்டிருக்கும், தரையிலிருந்து பிடுங்கும்போதே நல்ல வேர் அறுந்துவிடும். பையை லேசாக அமுக்கினால் மண் நெகிழ வேண்டும். செங்கல் போல இருந்தால் களிமண். இலையின் அடிப்புறத்தில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது அடுத்த வேலை. நிழல்வலைக்குள் இருந்து நேராக எடுத்த செடியைவிட, வெளியே வெயிலில் சில வாரம் நின்று இலை சற்றுத் தடித்த செடி வீட்டில் சீக்கிரம் பிடிக்கும். பார்க்க அது அவ்வளவு பளபளப்பாக இருக்காது, அதனாலேயே வாசலில் வைக்க மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

எதை நடுவது என்பது இடத்தைப் பொறுத்தது. முழு வெயில் அடிக்கும் மதிலோரத்துக்கு அரளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் தண்ணீர் லாரியை நம்பி, புகையிலும் அனலிலும் நிற்பது அதுதான். ஆடு மாடும் தொடாது. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். அந்த இடத்தில் காகிதப்பூ நிற்கலாம். பிரேசில் பக்கத்துச் செடியான இதில் நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவைச் சுற்றியிருக்கும் இலைப்பகுதி. தண்ணீரைக் குறைத்தால்தான் நிறம் வரும். அக்கறையாகத் தினமும் ஊற்றுகிற வீட்டில் அது கொடியாக ஓடி, முள்ளை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். நடைபாதையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

அரைநாள் வெயில் கிடைக்கும் இடத்துக்கு நந்தியாவட்டை. பூசைக்கு வருடம் முழுக்கப் பூ கிடைக்கும், பூச்சித் தொல்லையும் குறைவு. இட்லிப்பூவும் அதே இடத்துக்குப் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் உள்ள வீடுகளில் அதன் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாததன் அடையாளம் அது. புது வீட்டுச் சுவரோரம், பூச்சு வேலையில் சிந்திய சிமெண்டுக்கு மேலேயே இட்லிப்பூ வரிசை நடுவது ஏனோ ஒரு வழக்கமாகிவிட்டது. கட்டட வேலை நடந்த இடத்தில் ஓர் அடி ஆழத்துக்காவது மண்ணை மாற்றாமல் அதை நடுவதில் பயனில்லை.

செம்பருத்தியில் இதழ் அடுக்கு, கலப்பு நிறம் என்று கண்ணைப் பறிக்கும் ஒட்டு ரகங்கள் விலையும் அதிகம், வேலையும் அதிகம். ஐந்து இதழ் கொண்ட பழைய சிவப்புச் செம்பருத்திதான் குறைந்த கவனிப்பில் நிற்பது. வேலி ஓரத்துக்கு நொச்சி, ஆடாதோடை, மருதாணி மூன்றும் கேட்பாரற்று வளரும். தரையோடு பரவ நித்தியகல்யாணி போதும். மடகாஸ்கரிலிருந்து வந்து சிமெண்டு விரிசலில்கூட முளைக்கும் இந்தச் செடியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள். மழை லில்லிக் கிழங்கைப் பாதையோரம் புதைத்துவிட்டால் கோடையில் மறந்துவிடலாம். மழை பெய்த சில நாளில் தானே பூத்துக் காட்டும்.

கவனிப்பே வேண்டாத செடி என்று இந்த வழியில் கடைசி வரை போனால் உண்ணிச்செடியில் போய் நிற்க வேண்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்த அது, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கிறது. புதுப்புது நிறத்தில் நர்சரிகளில் இன்னும் கிடைக்கிறது. மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது.

நடுவதற்கு ஆடிக்கும் புரட்டாசிக்கும் இடைப்பட்ட காலம் தோது. வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்குவதற்குள் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், மழை முழுவதும் வளர்ச்சிக்குப் பயன்படும். சித்திரையில் நட்டால் தினமும் இருவேளை தண்ணீரோடு காவல் நிற்க வேண்டும். குழி ஒன்றரை அடி அகலம், அதே ஆழம். எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஒரு வாரம் ஆறவிடுவது பழைய முறை. செம்பருத்திக்கும் அரளிக்கும் ஐந்தடி இடைவெளி வேண்டும். நட்ட அன்று தோட்டம் காலியாகத்தான் தெரியும். அதைப் பொறுக்காமல் இரண்டடிக்கு ஒன்றாக நட்டுவிட்டு, மூன்றாம் வருடம் முழுக்கக் கத்தரிக்கோலோடு அலைகிறவர்கள் அதிகம்.

பையைப் பிடித்து இழுக்காமல் பக்கவாட்டில் பிளேடால் கீறி உரிக்க வேண்டும். வட்டமடித்த வேர் இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடலாம். களிமண் உருண்டையாக இருந்தால் வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளிச்சுற்றை விரலால் கரைத்து, வேர் நுனிகள் வெளியே தெரிந்த பிறகு நடுவது உத்தமம். பையில் மண் எந்த மட்டத்தில் தண்டைத் தொட்டதோ, குழியிலும் அதே மட்டம்தான். இன்னும் ஆழமாகப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்று நினைப்பது வழக்கம். தண்டு அழுகுவதுதான் நடக்கும். மாலை வேளையில் நட்டு, உள்ளங்கையால் அமுக்கி, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். மேலே காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ, தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி.

முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர், அடுத்த இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதன் பிறகு வாரம் இரண்டு முறை, ஆனால் ஆழமாக இறங்கும்படி. தினமும் பூவாளியால் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேல்மண்ணைவிட்டுக் கீழே போகாது. ஊருக்குப் போய்வர நாலு நாள் ஆனாலும் செடி வாடிவிடும்.

பூச்சியில் கவலைக்குரியது செம்பருத்தியின் மாவுப்பூச்சி ஒன்றுதான். 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. வீட்டுச் செடியில் கண்டமாத்திரத்தில் மருந்தடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். நுனிக்கிளையை ஒடித்து எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போதும்.

கவாத்து வருடத்துக்கு ஒருமுறை. மல்லிகைக்கு அது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே விட்டு எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். மற்றவற்றுக்கு மழை ஓய்ந்த தை மாதம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். வெட்டிய செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகளைப் பையில் நட்டு வைக்கலாம். அரளிக் கழிவை மட்டும் எரிக்கக் கூடாது, அதன் புகையும் நஞ்சு. வெட்டிக் காய்ந்த பிறகும் விஷம் குறையாது என்பதால், ஆடு மாடு மேயும் இடத்திலும் போடாமல் குழி வெட்டிப் புதைப்பதே முறை.