வயிறும் இருதயமும் அயலவர்

இருதயத்தில் நோயென்றால் வயிற்றுக்கு என்ன வந்தது என்று வாசகர் கேட்கலாம். நாமும் அவ்வாறே கேட்டோம்.

மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோய் எமக்குச் சில ஆண்டுகளாக இருந்தது. குளிசைகளுக்கு அது அடங்காமற் போகவே, சித்திரைக் கடைசியில் கிளிநொச்சியிற் புகைவண்டியேறிக் கொழும்பு சென்று ‘அப்லேஷன்’ எனும் சிகிச்சை பெற்றோம். தொடை நாளத்தினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இடது மேலறையில் நுரையீரல் நாளங்கள் வந்து சேரும் வாயில்களைச் சுற்றிச் சுட்டுவிடுகின்றார்கள். பெரும்பாலும் அங்கிருந்தே இக்கோளாறு கிளம்புகின்றதென்பதைப் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர்கள் 1998இல் எடுத்துக்காட்டினர். துடிப்பு அடங்கிற்று, மகிழ்ச்சியுடன் ஊர் திரும்பினோம்.

வயிறோ அடங்கவில்லை. இரண்டு கவளம் உண்டதும் ஒரு விருந்துண்டாற்போல் நிறைந்தது. காலையில் உண்டது மாலையிலும் நெஞ்சடியில் நின்றது. வற்றாப்பளைப் பொங்கலுக்காக முள்ளியவளையிற் பெரியம்மா வீட்டுக்குச் சென்றபோது, புக்கையும் எருமைத் தயிரும் முன்னே வந்தன. நாம் கையைக் கழுவ எழுந்ததும், “என்ன தம்பி, கோழி கொத்தின மாதிரிச் சாப்பிடுறாய்? என்ரை கை ருசிக்கேல்லையோ?” என்றார் பெரியம்மா. வன்னியில் உபசரிப்பை மறுப்பதிலும் பெரிய குற்றமில்லை.

பொங்கல் முடிந்த நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. சிகிச்சை முடிந்து அப்போது மூன்றாம் கிழமை. டெங்காயிருக்கும் என்றார் ஒருவர். பெரியம்மா கொத்தமல்லி அவித்துத் தந்து படுக்கச் சொன்னார். உயர்தரம் படிக்கும் அவருடைய பேத்திதான், கொழும்பில் தந்த ஆங்கிலத் துண்டைக் கடைசி வரிவரை வாசித்தாள். காய்ச்சலோ, விழுங்குகையில் நோவோ, கைகால் மரத்தலோ கண்டால் உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டுமென்று அதில் இருந்தது. அவ்வரியைத் தமிழிலும் எழுதியிருந்தால் நாமே வாசித்திருப்போம்!

அன்றிரவே யாழ்ப்பாணம் கொண்டு சென்றனர். நெஞ்சைச் ‘சீ.ரீ. ஸ்கான்’ எடுத்துப் பார்த்த வைத்தியர், பயமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றபின் விளக்கினார். இடது மேலறையின் பின்சுவருக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சில மில்லிமீற்றர் தூரமே உண்டு. சுடும் வெப்பம் அப்பாலுஞ் சென்று உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம். அப்புண் இருதயம்வரை துளைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானோர்க்கே இது நேரும். நேருமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள். அச்சந்தேகம் இருக்கும்போது வாய்வழியே கமராக் குழாய் விட்டுப் பார்க்கலாகாது. ஊதும் காற்று இருதயத்துட் புகுந்து மூளைக்கு ஏறிவிடுமாம். ஆதலால் எந்த வைத்தியர் காய்ச்சலைப் பார்த்தாலும், இருதயம் சுட்ட செய்தியையே முதலிற் சொல்ல வேண்டுமென்றார்.

எமது வயிற்று மந்தம் வேறு கதை. உணவுக்குழாயை ஒட்டி இறங்கி இரைப்பையை இயக்கும் ‘வேகஸ்’ நரம்பு சூடுபட்டுச் சோர்ந்திருந்தது. இலத்தீனில் அலைபவன் என்று பொருள். பெயரிட்டவர் அறிந்தே இட்டார் போலும். பெரும்பாலோர்க்குக் கிழமைகளிலோ சில மாதங்களிலோ தானே தேறிவிடுமாம். அதுவரை நாளுக்கு ஐந்தாறு தடவை, சிறிது சிறிதாக, கொழுப்பும் நாரும் குறைத்து உண்ண வேண்டும். ஆகவே எருமைத் தயிரும் குரக்கன் புட்டும் விலக்கு. குழைந்த சோற்றுக் கஞ்சியும், சொதி விட்ட இரண்டு இடியப்பமும் எமது விருந்தாயின. உண்டதும் படுக்கவுங் கூடாது.

இவ்வளவையும் பெரியம்மாவுக்குச் சொன்னோம். “நரம்பு சுட்டதுக்கு என்ரை புக்கை என்ன செய்யும்?” என்றார், ஆனால் அதன்பின் எமக்கென்று சிறிய கோப்பை ஒன்றை எடுத்து வைத்துவிட்டார்.

ஆடிப்பிறப்பன்று அந்தக் கோப்பையில் இருமுறை கூழ் வாங்கிக் குடித்தோம். மூன்றாவது முறை நீட்டியபோது, பெரியம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குட் போய்விட்டார்.