வண்டுக்கு வேண்டிய பிரமாணம்

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டுமென்னும் விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கென ஆதாரங்களைத் தேடத் தொடங்கிய பின்னரே, இச்சிறு பிராணியைப் பற்றி நிச்சயமாகச் சொல்லத்தக்க ஒவ்வொரு வாக்கியத்திற்குப் பின்னும் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறதென்பது எனக்குப் புலப்பட்டது.

1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இவ்வினத்தை, பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல்வரிசையில் 1910இல் வெளிவந்த தம் தொகுதியில் ஜி. ஜே. ஆரோ விவரிக்கிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய அவர், பாடம் செய்த வண்டுகளைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதியவராதலால், அவருடைய வர்ணனையில் ஐயம் தோன்றினால் மியூசியப் பெட்டியைத் திறந்து சோதிக்க வழியுண்டு. இவ்வாறு சோதனைக்கு இடங்கொடுக்கும் சொல்லையே நான் ஆப்த வாக்கியமாகக் கொள்கிறேன். ஆயினும் எந்த நூலும் எல்லாக் கேள்விகளுக்கும் பிரமாணமாகிவிடாது. வண்டின் அங்க லட்சணங்களுக்கு ஆரோவின் நூல் இன்றும் போதும். ஆனால் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளுடன் 1909இல் ஸமோவாத் தீவுக்குச் சென்று அங்குள்ள தென்னைகளைப் பாழாக்கிய இவ்வண்டை அடக்க உதவிய வைரஸ், 1963இல்தான் மலேசியாவில் ஹூகர் என்பவரால் கண்டறியப்பட்டதாகையால், நிவாரணத்தைப் பற்றி எழுதுபவன் அந்தப் பழைய ஏட்டோடு நின்றுவிடலாகாது.

நூல்களைவிடப் படங்களே என்னை மிகவும் அலைக்கழித்தன. நம் தென்னையைப் பற்றிய கட்டுரைகளில், மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஹெர்குலிஸ் வண்டின் நீண்ட கொம்பு கம்பீரமாகக் காட்சியளிப்பதைக் கண்டு நான் மனம் வருந்தியதுண்டு. நம் வண்டுக்குத் தலையில் ஒற்றைக் கொம்பே உண்டு. அது ஆணுக்கு நீண்டும் பெண்ணுக்குக் குட்டையாகவும் இருக்கும். பெண்ணின் வயிற்று நுனியில் அடர்ந்த ரோமம் காணப்படும். முதுகை மட்டும் காட்டும் புகைப்படத்தில் இந்த நுனி தெளிவாகத் தெரியாது; ஆகவே பளபளப்பான ஒரு புகைப்படத்தைவிட, உறுப்புகளைத் தனித்தனியே வரைந்த பழைய கோட்டுச் சித்திரம் சில சமயங்களில் மெய்ப்பொருளை நன்கு உணர்த்துகிறது.

இது வெறும் பண்டித விசாரமன்று. காண்டாமிருக வண்டு குடைந்த காயத்திலேயே சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுவதுமுண்டு. முன்னதன் புழு எருக்குழியிலும் மக்கிய மரத்திலும் வளர, பின்னதன் புழு தென்னையின் உள்ளேயே இருந்து அதைத் தின்கிறது. ஒன்றின் படத்தை மற்றொன்றின் பெயரோடு அச்சிட்டால், எருக்குழியைக் கிளற வேண்டிய விவசாயி மரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பார். மரத்தைக் கவனிக்க வேண்டியவரோ எருக்குழியைக் கிளறிக்கொண்டிருப்பார். இரண்டிலும் நஷ்டம் அவருக்கே.

ஆகையால், பூச்சிகளைப் பற்றித் தமிழில் எழுதும் அன்பர்களும் பத்திரிகை ஆசிரியர்களும், ஒவ்வொரு படத்தின் அடியிலும் இனத்தின் பெயர், ஆணா பெண்ணா என்னும் குறிப்பு, எடுத்த ஊர், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் தவறாமல் அச்சிட வேண்டுமென்றும், இவை கிடைக்காத படத்தை அது எவ்வளவு அழகாயிருப்பினும் ஒதுக்கிவிட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.