ஜூன் மாதத் துண்டு

மணி தைத்து நாட்குறிப்பு வைப்பம் என்று நாங்கள் தொடங்கினது ஒரு ஆசையிலதான். அமெரிக்காவில் ரொபின் அட்கின்ஸ் என்ற மணிவேலைக் கலைஞர் 2007இல் ஆரம்பித்து வைத்த விசயம் இது: மாதம் ஒரு துண்டு, வருசத்துக்குப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே அளவில் இருக்கவேணும். மற்றதெல்லாம் உங்கட இஷ்டம்.

பெரிய செலவில்லை. சட்டை தைத்து மிஞ்சின துணி, மெல்லிய ஊசி, நைலோன் நூல், இரண்டு மில்லிமீற்றர் மணி. நாலு மணியைக் கோத்து, துணியில் படுக்கவைத்து, ஊசியைக் கீழே இறக்குங்கோ. பிறகு இரண்டாம் மணிக்கும் மூன்றாம் மணிக்கும் நடுவால மேலே எடுத்து, கடைசி இரண்டுக்குள்ளாலும் திரும்ப விடுங்கோ. வரிசை நெளியாது. பூவும் இலையும் பிறகு பாக்கலாம்.

ஜூன் மாதத்துக்கு என்ன தைக்கிறது என்றுதான் நிறையக் கதைத்தோம். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. எங்கட வீடுகளில் இதை இப்பவும் மெதுவாத்தான் கதைப்பினம்.

அதனால் 376 மணி. ஆளுக்கொரு நிறம் வேணும் என்றாள் ஒருத்தி. பேரே தெரியாத ஆக்களுக்கு நாங்கள் எப்பிடி நிறம் குடுக்கிறது? கறுப்புத் துணி, எல்லா மணியும் வெள்ளை. நாலு நாலாய்த் தைத்தால் 94 வரிசை. இப்ப 52இல் நிக்கிறம்.