கூப்பிடத்தான் பெயர்

பெயர் என்பது எழுதிக் கொடுக்க மட்டுமா? கூப்பிடத்தானே! பிராக் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது இதை நன்றாக உணர்ந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் பெயர் லுத்மிலா. என் வயசுதான். 'லுத்' என்றால் ஜனங்கள். 'மிலா' என்றால் பிரியமானவள். ஜனங்களுக்குப் பிரியமானவள்! 921-ல் தேத்தீன் என்ற ஊரில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்ட புனித லுத்மிலாவின் பெயர் அது. கொல்லச் சொன்னது மருமகளாம்! செப்டம்பர் 16 அவருடைய திருநாள். அந்தப் பெயருள்ள பெண்களை அன்று வாழ்த்துவார்கள்.

செக் மொழியிலும் நம்மைப் போல் வேற்றுமை உண்டு. 'லுத்மிலாவை' என்பதற்கு லுத்மிலு. 'லுத்மிலாவின்' என்பதற்கு லுத்மிலி. கண்ணனைக் 'கண்ணா' என்கிறோமே, அதுபோல் கூப்பிடும்போது லுத்மிலோ! செல்லப்பெயர் லிதுஷ்கா, கூப்பிட்டால் லிதுஷ்கோ.

"மருந்துச் சீட்டில், வங்கியில் எல்லாம் நான் லுத்மிலாதான். லிதுஷ்கோ என்று கூப்பிட்டவர் போய் ஒன்பது வருஷமாச்சு" என்றார் ஒருநாள். என் மருமகள்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் மாடிப்படியில் பார்த்ததும், "லிதுஷ்கோ!" என்றேன். சட்டென்று நின்றார். என் உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு, இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னார்.