உலகத்துக்கே கதவைத் திறந்தேன்!

நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மேனேஜர் சிரிக்கவில்லை.

2017 ஜனவரி. தை முகூர்த்த சீசன். கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் செய்யும் ஒரு கம்பெனியின் டேட்டாபேஸை க்ளவுடில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தனி நெட்வொர்க்குக்குள் பத்திரமாக இருந்தது. வெளி விலாசமே கிடையாது. அப்ளிகேஷன் சர்வர் மட்டும்தான் அதனுடன் பேசலாம். பாட்டி வீட்டு நகைப் பீரோ மாதிரி. திண்ணையில் எவன் வேண்டுமானாலும் உட்காரலாம். பீரோவுக்கு ரேழி, கூடம் எல்லாம் தாண்ட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டிலிருந்தே வேலை பார்க்க எனக்கு ஆசை வந்தது. வி.பி.என். கேட்டால் ஃபாரம், கையெழுத்து, தொல்லை. டேட்டாபேஸுக்கு ஒரு வெளி விலாசம் கொடுத்து, 27017-ஆம் போர்ட்டை 0.0.0.0/0-க்குத் திறந்துவிட்டேன். அர்த்தம்: உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். பாஸ்வேர்டும் கிடையாது. 'உள்ளே இருக்கிறதுக்கு எதுக்கு?' என்று ஆரம்பத்திலேயே விட்டிருந்தோம். (அதுவும் தப்பு. ஆனால் பாஸ்வேர்ட் திருட்டுப் போகும். வழியே இல்லாத அறைக்குச் சாவி கிடைத்து என்ன பிரயோஜனம்?)

யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். இன்டர்நெட்டின் பழைய பாணி விலாசங்கள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஸீமேப் என்ற புரோகிராம், நல்ல லைன் இருந்தால் அத்தனை கதவையும் முக்கால் மணி நேரத்தில் தட்டிவிடும். நான் வீடு போய்ச் சேரவே ஒன்றரை மணி ஆகும்!

திங்கட்கிழமை டேட்டாபேஸ் காலி. உள்ளே ஒரு கடுதாசி: பிட்காயின் அனுப்பு. அந்த மாதம் உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களுக்கு இதே கதி. பணம் கட்டியும் ஏமாந்தவர்கள் உண்டு.

மேனேஜர் நெட்வொர்க் பையனைப் பிடித்து வறுத்தெடுத்தார். நான் டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். அப்புறம்தான் "ஸார், நான்தான்" என்று வாய் வந்தது.

பையன் வெளியே வந்து மெதுவாகச் சொன்னான். "தெரியும் ஸார். லாக்ல உங்க பேர்தான் இருக்கு."

வெளி விலாசத்தை எடுத்தோம். பாஸ்வேர்ட் வைத்தோம். வெள்ளி மதியம் எடுத்த பேக்கப்பை ஏற்றினோம். அதற்குப் பிறகு வந்த சனி, ஞாயிறு புக்கிங் எல்லாம் போயே போச்சு. எஸ்.எம்.எஸ். பட்டியலில் நம்பர் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். நெட்வொர்க், போர்ட் என்று நான் ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் மறித்தார்.

"தம்பி, அதெல்லாம் எனக்கு வேணாம். எம் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் இருக்கா, இல்லையா?"

பேக்கப்பை ஏற்றிய ஒரு மணி நேரத்தில் அந்தத் தேதியை இன்னொருவர் பிடித்து, அட்வான்ஸும் கட்டியிருந்தார்.

"பத்து நிமிஷத்துல சொல்றேன் ஸார்" என்று வைத்துவிட்டு, அந்த இன்னொருவரின் நம்பரை அழுத்தினேன்.